குமார் ஒருவன்தானே? ஆங்கிலப் பன்மைப் பெயர்களும் அவற்றைப் பற்றி வரும் தொடர்களும்

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பயிற்சித்தாளில் கோடிட்ட இடம் ஒன்று. ‘குமார் இஸ் ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ ____ ஏர்லி.’ பக்கத்தில் இரண்டு சொற்கள்: கம், கம்ஸ். ஒரு பையன் ‘கம்ஸ்’ என்று நிரப்பியிருந்தான். நான் சிவப்பு மையால் அதை அடித்து ‘கம்’ என்று திருத்தினேன். அவன் தாளைக் கையில் பிடித்தபடி மேசைக்கு வந்தான். “சார், குமாரைப் பத்தித்தானே சொல்றோம்? குமார் ஒருத்தன்தானே? ஒருத்தன்னா ‘ஸ்’ வரும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“விதி அப்படித்தான்” என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவன் கேட்டது சரியான கேள்வி, நான் சொன்னது பதிலே இல்லை என்பது பிறகு மொழியியல் நூல்களைப் படித்தபோதுதான் புரிந்தது. அந்த ஒற்றை ‘ஸ்’ஸின் பின்னால் ஆயிரம் ஆண்டு வழக்கு இருக்கிறது. மனித மூளை வாக்கியத்தை எப்படிக் கட்டுகிறது என்ற ஆராய்ச்சியும், நீதிமன்றத் தீர்ப்புகளும்கூட அதே கேள்வியைச் சுற்றி நிற்கின்றன. அந்தப் பையனுக்கு அன்று தராத பதிலை இங்கே தேடுகிறேன்.

எண் எங்கே ஒளிந்திருக்கிறது

பள்ளியில் ‘ரிலேட்டிவ் கிளாஸ்’ என்று படித்ததை இந்தக் கட்டுரையில் அடைத்தொடர் என்று அழைக்கிறேன். ஒரு பெயருக்கு அடையாக வருவது அதன் வேலை. தமிழில் இந்த வேலையைப் பெயரெச்சம் செய்கிறது: ‘சீக்கிரம் வரும் பையன்’, ‘சீக்கிரம் வரும் பையன்கள்’. பெயர் ஒருமையானாலும் பன்மையானாலும் ‘வரும்’ மாறுவதில்லை. நம் பெயரெச்சத்துக்குத் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி கிடையாது.

ஆங்கிலத்தில் அடைத்தொடர் பெயருக்குப் பின்னால் வருகிறது. ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்ற சொற்கள் அதைப் பெயரோடு கட்டுகின்றன. இந்த மூன்றும் எண்ணைக் காட்டுவதில்லை. ஒரு பையன் என்றாலும் நூறு பையன்கள் என்றாலும் அதே ‘ஹூ’தான். எண் தெரிவது உள்ளே இருக்கும் வினையில். அதுவும் எல்லா நேரத்திலும் தெரியாது. ‘ஹூ கேம் ஏர்லி’ என்று இறந்தகாலத்தில் சொன்னால் ஒருமையா பன்மையா என்ற கேள்வியே எழாது. நிகழ்காலத்தில் ‘கம், கம்ஸ்’ பிரியும் இடத்திலும், ‘இஸ், ஆர்’, ‘வாஸ், வேர்’, ‘ஹேஸ், ஹேவ்’ பிரியும் இடத்திலும் மட்டுமே பேசுபவர் ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டும். ஆங்கிலம் காலப்போக்கில் தன் விகுதிகளில் பெரும்பாலானவற்றை உதிர்த்துவிட்டது. எஞ்சியிருக்கும் சிலவற்றில் ஒன்று இந்த ‘ஸ்’. அடைத்தொடர் எந்தப் பெயரைப் பற்றியிருக்கிறது என்று காட்டும் பொறுப்பு பல இடங்களில் இதன் தலையில்தான் விழுகிறது.

தமிழ் பேசுகிறவர்கள் இங்கே தடுமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்போம். அங்கே ‘ஃப்ரெண்ட்ஸ்’ வரவேண்டும். நாம் தமிழில் ‘என் நண்பர் ஒருவர்’ என்கிறோம். அதில் பன்மைக்கு இடமே இல்லை. ஆங்கிலமோ முதலில் ஒரு கூட்டத்தை நிறுத்தி, அதிலிருந்து ஒருவரை எடுக்கிறது. அந்தக் கூட்டம் கண்ணில் பட்டால்தான் பின்னால் வரும் ‘ஹூ’ கூட்டத்தைப் பற்றுகிறதா, எடுக்கப்பட்ட ஒருவரைப் பற்றுகிறதா என்ற கேள்வி பிறக்கும்.

இரண்டு கட்டுமானங்கள்

குமார் வாக்கியத்தை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். முதல் விதம்: ‘சீக்கிரம் வரும் பையன்கள்’ என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் குமார் ஒருவன். இரண்டாவது விதம்: பையன்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் சீக்கிரம் வரும் ஒருவன் குமார். தமிழில் இந்த இரண்டையும் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ‘சீக்கிரம் வரும் பையன்களில் ஒருவன்’ என்றால் அடை கூட்டத்துக்கு. ‘பையன்களில் சீக்கிரம் வரும் ஒருவன்’ என்றால் அடை குமாருக்கு. நாம் பெயரெச்சத்தை எங்கே வைக்கிறோம் என்பதே பொருளைச் சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல்வரிசை ஒன்றுதான். வேறுபாடு வினையில் மட்டும் வெளிப்படும். முதல் பொருளுக்குக் ‘கம்’, இரண்டாவதற்குக் ‘கம்ஸ்’. ‘ஒன்’ என்ற சொல்லுக்கு முன் ‘த ஒன்லி’ சேர்ந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ‘த ஒன்லி ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ கம்ஸ் ஏர்லி’ என்றால், பையன்களில் சீக்கிரம் வருபவன் அவன் ஒருவன்தான். அங்கே ஒருமையைத் தவிர வேறு வழியில்லை.

ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002-ல் வெளியிட்ட ‘த கேம்பிரிட்ஜ் கிராமர் ஆஃப் த இங்கிலிஷ் லாங்குவேஜ்’ என்ற பெருநூல் இந்த இரண்டு கட்டுமானங்களையும் தனித்தனி வகைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. மூன்றாவது ஒன்றையும் அது கவனிக்கிறது. பொருள் தெளிவாகக் கூட்டத்தைப் பற்றியதாக இருக்கும்போதும் ஆங்கிலம் பேசுபவர்கள் ஒருமை வினையைப் போடுவதுண்டு. ‘ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ் பீப்பிள் ஹூ ஆல்வேஸ் ஸ்மைல்ஸ்’ என்பது போல. எப்போதும் சிரிக்கிற மனிதர்கள் என்று ஒரு வகை இருப்பதாகத்தான் பேச்சு தொடங்குகிறது. ஆனால் பேசுபவரின் கண் முன்னால் நிற்பது அந்த ஒரு பெண். கண் போகும் பக்கம் வினையும் போகிறது. இதை வழக்கில் உள்ள ஒரு போக்காகவே அந்நூல் பதிவு செய்கிறது.

ஆயிரம் ஆண்டு வழக்கு

இது இன்றைய பேச்சின் அசட்டை என்று நினைப்பவர்கள் பழைய ஆங்கிலத்தைப் பார்க்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நற்செய்திகளை மேற்குச் சாக்சன் வழக்கில் மொழிபெயர்த்தவர்கள், மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் பாறைமேல் வீடு கட்டியவனின் உவமை தொடங்கும் இடத்தில், ‘கேட்பவர்களில் ஒவ்வொருவனும்’ என்ற பொருளில் ‘ஏல்ச் தாரா தே’ என்று எழுதினார்கள். ‘தாரா’ என்றால் ‘அவர்களுள்’, தெளிவான பன்மை. ‘தே’ எண் காட்டாத இணைப்புச்சொல், இன்றைய ‘தட்’ போல. அதற்குப் பின் வரும் வினை ஒருமை. பழைய ஆங்கில இலக்கண நூல்கள் இந்தக் கட்டுமானத்தில் ஒருமை, பன்மை இரண்டும் வரும் என்றே சொல்கின்றன.

1711-ல் ஜோசப் அடிசன் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் சர் ரோஜர் என்ற பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது, ‘ஒன் ஆஃப் தோஸ் ஹூ’ என்ற தொடருக்குப் பின் ‘இஸ்’ என்றே போட்டார். ஆங்கில உரைநடைக்கு இலக்கணமாக வைத்துப் போற்றப்பட்ட எழுத்து அவருடையது. இருபதாம் நூற்றாண்டின் நடைவழிகாட்டிகள் இந்த வழக்கத்தைப் பிழை என்று உறுதியாகச் சொன்னார்கள். எச். டபிள்யூ. ஃபௌலர் 1926-ல் வெளியிட்ட ‘எ டிக்ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ்’ இதைக் கண்டித்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் பரவிய ஸ்ட்ரங்க்–வைட் கைந்நூலும் பன்மையே வரவேண்டும் என்றது. நம் பள்ளிகளின் சிவப்பு மை அந்த வழியில் வந்தது.

ஃபௌலரின் தர்க்கம் வலுவானது. கூட்டத்தை வரையறுக்கும் தொடருக்குக் கூட்டத்தின் எண் வரவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தேர்வில் இன்றும் ‘கம்’ என்று எழுதவே மாணவர்களுக்குச் சொல்வேன். ஆனால் ‘கம்ஸ்’ எழுதும் பிள்ளை அறியாமல் உளறுவதாக நினைப்பது தவறு. அவன் மனம் எடுத்துக்கொண்ட பாதையில் நல்ல ஆங்கில எழுத்தாளர்களே நடந்திருக்கிறார்கள்.

வழிகாட்டும் ‘ஸ்’

அந்த ‘ஸ்’ எவ்வளவு உதவக்கூடியது என்பதை இன்னொரு இடத்தில் பார்க்கலாம். ‘சென்னையில் வசிக்கும் ஆசிரியரின் மகள்கள்’ என்று தமிழில் எழுதினால், சென்னையில் வசிப்பது ஆசிரியரா, மகள்களா? வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ‘ஆசிரியரின், சென்னையில் வசிக்கும் மகள்கள்’ என்று மாற்றி எழுதினால்தான் தெளிவாகும். இங்கே தமிழின் பெயரெச்சம் கைவிடுகிறது. அதற்கு எண் இல்லை என்பதுதான் காரணம்.

ஆங்கிலத்தில் ‘த டாட்டர்ஸ் ஆஃப் த டீச்சர் ஹூ லிவ் இன் சென்னை’ என்றால் மகள்கள் வசிக்கிறார்கள். ‘ஹூ லிவ்ஸ்’ என்றால் ஆசிரியர் வசிக்கிறார். ஓர் எழுத்து அளவுள்ள ஒலி ஒரு குடும்பத்தின் முகவரியையே மாற்றிவிடுகிறது. முன்பு கண்ட ‘பையன்களில் ஒருவன்’ வாக்கியத்தில் தமிழ் தெளிவாக இருந்தது, ஆங்கிலம் தடுமாறியது. இங்கே நிலைமை தலைகீழ். எந்த மொழியும் எல்லா இடத்திலும் தெளிவு தருவதில்லை. ஒரு மொழி சொல்வரிசையில் சேர்த்துவைத்ததை இன்னொன்று விகுதியில் சேர்த்துவைத்திருக்கிறது.

இரண்டு பெயரும் ஒருமையாகவோ, இரண்டும் பன்மையாகவோ இருந்தால் ‘ஸ்’ உதவாது. அப்போது படிப்பவர் எந்தப் பெயரைத் தேர்கிறார்? 1988-ல் ஃபெர்னாண்டோ குவேட்டோசும் டான் மிட்செலும் ‘காக்னிஷன்’ ஆய்விதழில் இதைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு நடிகையின் பணியாளர் மாடியில் நின்றாரா, நடிகையே நின்றாரா என்று இரண்டு விதமாகவும் கொள்ளக்கூடிய வாக்கியங்களைக் கொடுத்தபோது, ஆங்கிலம் பேசுபவர்கள் பக்கத்தில் உள்ள பெயரின் பக்கம் சாய்ந்தார்கள். ஸ்பானிஷ் பேசுபவர்கள் முதலில் வந்த பெயரின் பக்கம் சாய்ந்தார்கள். அடைத்தொடரை எந்தப் பெயரில் ஏற்றுவது என்பது எல்லா மனித மனத்துக்கும் ஒரே மாதிரி அமைந்ததன்று, மொழி ஊட்டிய பழக்கமும் அதில் கலந்திருக்கிறது என்ற எண்ணத்தை அந்த ஆய்வு எழுப்பியது.

காற்புள்ளியும் இனச்சுட்டும்

பன்மைப் பெயருக்குப் பின் வரும் தொடரில் எண்ணைவிடப் பெரிய விளைவை உண்டாக்குவது காற்புள்ளி. ‘மை பிரதர்ஸ் ஹூ லிவ் இன் கோயம்புத்தூர் ஆர் டாக்டர்ஸ்’ என்றால், கோயம்புத்தூரில் வசிக்கும் அண்ணன் தம்பிகள் மருத்துவர்கள். வேறு ஊர்களிலும் சகோதரர்கள் இருக்கக்கூடும். ‘பிரதர்ஸ்’ என்பதற்குப் பின் ஒன்று, ‘கோயம்புத்தூர்’ என்பதற்குப் பின் ஒன்று என இரண்டு காற்புள்ளி இட்டால், சகோதரர்கள் அத்தனை பேரும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள், அத்தனை பேரும் மருத்துவர்கள். முதல் வகை கூட்டத்தைக் குறுக்குகிறது. இரண்டாவது வகை கூட்டத்தைத் தொடாமல் கூடுதல் செய்தி ஒன்றைச் சேர்க்கிறது. ஒருமைப் பெயரைவிடப் பன்மைப் பெயரில் இது கூடுதல் கவனம் கேட்கிறது. எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் வெளியே என்பதே இதைப் பொறுத்து மாறுகிறது அல்லவா?

ஓர் அலுவலகச் சுற்றறிக்கையை நினைத்துப் பாருங்கள். விடுப்பில் இருந்த ஊழியர்களுக்குப் போனஸ் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ‘எம்ப்ளாயீஸ்’ என்ற சொல்லுக்குப் பின் தவறிப்போய் ஒரு காற்புள்ளி விழுந்து, தொடர் முடியும் இடத்திலும் ஒன்று விழுந்தால், ஊழியர்கள் எல்லோருமே விடுப்பில் இருந்தார்கள், எவருக்கும் போனஸ் இல்லை என்று பொருளாகிவிடும். பேச்சில் இந்த வேலையைச் சிறு நிறுத்தமும் குரலின் இறக்கமும் செய்கின்றன. எழுத்தில் காற்புள்ளியைத் தவிர வேறு துணை இல்லை. வரையறுக்கும் தொடருக்குத் ‘தட்’, கூடுதல் செய்திக்கு ‘விச்’ என்று பங்கிட்டுக்கொள்ளலாம் என ஃபௌலர் யோசனை சொன்னார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் அதை விதியாகவே பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் எழுத்தில் வரையறுக்கும் ‘விச்’ இன்றும் தாராளமாக வருகிறது.

இந்த வேறுபாடு தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இனச்சுட்டு உள்ள அடை, இனச்சுட்டு இல்லாத அடை என்று பிரித்துப் பார்க்கிறது. ‘செந்தாமரை’ என்றால் வெண்தாமரையிலிருந்து அது பிரித்துக் காட்டப்படுகிறது. ‘செஞ்ஞாயிறு’ என்றால் பிரித்துக் காட்ட வேறு ஞாயிறு இல்லை. இனத்தைச் சுட்டாத அப்படிப்பட்ட அடை பேச்சு வழக்குக்கு உரியதன்று, செய்யுளுக்கு உரியது என்பது அந்த நூலின் முடிவு. ஒற்றை அடைமொழியை வைத்துச் சொன்னதுதான் என்றாலும், ஆங்கில அறிஞர்கள் காற்புள்ளியை வைத்து விளக்கும் கருத்தின் வேர் அதில் இருக்கிறது. நான் வகுப்பில் காற்புள்ளியை விளக்குமுன் செந்தாமரையையும் செஞ்ஞாயிற்றையும் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடும்.

பன்மையின் இழுப்பு

‘த பேஷன்ட்ஸ் ஹூ த டாக்டர் ட்ரீட்ஸ்’ என்பது ‘மருத்துவர் சிகிச்சை தரும் நோயாளிகள்’. சிகிச்சை தருவது ஒரே மருத்துவர், ஆகவே ‘ட்ரீட்ஸ்’. ஆனால் இதைத் ‘ட்ரீட்’ என்று எழுதினால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பல நேரம் பிழையைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ‘பேஷன்ட்ஸ்’ என்ற பன்மை தூரத்தில் இருந்தபடியே வினையைத் தன் பக்கம் இழுக்கிறது.

1991-ல் கேத்ரின் பாக்கும் கரோல் மில்லரும் இந்த இழுப்பைச் சோதனை வழியே காட்டினார்கள். ஒருமை எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஒரு பன்மைப் பெயர் நுழைந்தால், பேசுபவர்கள் தவறிப் பன்மை வினையைச் சொல்லிவிடுகிறார்கள். பன்மை எழுவாய்க்குப் பின் ஒருமைப் பெயர் நுழையும்போது இந்தத் தவறு மிகவும் குறைவு. பக்கத்தில் இருக்கும் பெயர் குழப்புகிறது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் அடைத்தொடர் அந்தக் காரணத்தை உடைக்கிறது. ‘த பேஷன்ட்ஸ் ஹூ த டாக்டர்’ என்பதில் வினைக்குப் பக்கத்தில் இருப்பது டாக்டர்தான். நோயாளிகள் அதற்கும் அப்பால் இருக்கிறார்கள்.

மேத்யூ வேகர்ஸ், எலன் லௌ, காலின் ஃபிலிப்ஸ் மூவரும் 2009-ல் இதே வகை அடைத்தொடர்களை வாசிக்கக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஆகும் நேரத்தை அளந்தார்கள். முன்னால் பன்மைப் பெயர் இருந்தால், பிழையான வினையை வாசிப்பவர்கள் அதிகம் தடுமாறவில்லை. சரியான வினை வந்தபோதோ அந்தப் பன்மை எந்தச் சிக்கலையும் உண்டாக்கவில்லை. வினையைக் கண்டதும் மனம் நினைவில் பின்னோக்கித் தேடுகிறது, பன்மை வினைக்குப் பொருந்தும் பன்மைப் பெயர் ஏதாவது கிடைத்தால் நிறைவடைந்துவிடுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். நம் மாணவர்கள் எழுதும் பல பிழைகளுக்கு அலட்சியத்தைக் காரணம் காட்டுமுன் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வது நல்லது. மனித நினைவு வேலை செய்யும் முறையிலேயே அந்தத் தவறுக்கு வழி இருக்கிறது.

சேர்ந்தா, தனித்தனியா

பன்மைக்கு இன்னொரு புதிர் உண்டு. ‘த மென் ஹூ லிஃப்டட் த பியானோ’, பியானோவைத் தூக்கிய ஆட்கள். எல்லோரும் சேர்ந்து ஒருமுறை தூக்கினார்களா, ஒவ்வொருவரும் தனித்தனியே தூக்கினார்களா? ஆங்கிலமும் சொல்வதில்லை, தமிழும் சொல்வதில்லை. பியானோவின் எடை தெரிந்த நம் அறிவுதான் சொல்கிறது. ஜெர்மானியத் தர்க்கவியலாளர் கோடெஹார்ட் லிங்க் 1983-ல் பன்மைகளுக்கு ஒரு தர்க்க முறையை அமைத்தபோது, தனியாட்களையும் அவர்கள் சேர்ந்த கூட்டத்தையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தார். அதன் பிறகு இப்படிப்பட்ட தொடர்களின் பொருளைத் துல்லியமாக எழுத வழி பிறந்தது.

1970-ல் டேவிட் பெர்ல்மட்டரும் ஜான் ராஸும் இதைவிட வியப்பான ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்ன வகையில் நானே ஒரு வாக்கியம் அமைக்கிறேன்: ‘எ பாய் கேம் ஃப்ரம் மதுரை அண்ட் எ கேர்ள் கேம் ஃப்ரம் தஞ்சாவூர் ஹூ வேர் ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ்.’ மதுரையிலிருந்து ஒரு பையன், தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண். இரண்டும் ஒருமை, இரண்டும் வெவ்வேறு வாக்கியங்களில் இருக்கின்றன. ஆனால் ‘ஹூ’வுக்குப் பின் ‘வேர்’ என்ற பன்மை. அடைத்தொடர் பற்றிக்கொள்ளும் பன்மைப் பெயர் வாக்கியத்தில் எங்குமே எழுதப்படவில்லை. கேட்பவர் மனத்தில்தான் அந்த இருவரும் ஜோடியாகிறார்கள். அடைத்தொடர் தனக்கு முன்னால் உள்ள ஒரு பெயரோடு கட்டப்படுகிறது என்ற எளிய இலக்கணத்துக்கு இது இன்றும் சவால். தமிழில் இதை ஒரே பெயரெச்சத்தால் சொல்ல வழியில்லை. ‘இருவரும் பழைய நண்பர்கள்’ என்று தனி வாக்கியமாகத்தான் முடிக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் ஓர் அடைத்தொடர்

அடைத்தொடர் எந்தப் பெயரைப் பற்றுகிறது என்பது ஒருவரின் பிழைப்பையே தீர்மானித்ததும் உண்டு. அமெரிக்காவில் மின்தூக்கி இயக்கும் வேலை செய்த ஒரு பெண் உடல்நலம் குன்றிச் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். பழைய வேலையை அவரால் செய்ய முடியும் என்று சொல்லி அதிகாரிகள் மறுத்தார்கள். அந்த வேலையே நாட்டில் அருகிப்போய்விட்டது என்பது அவர் வாதம். சட்டத்தின் வாசகம் முந்தைய வேலையையும், ‘தேசியப் பொருளாதாரத்தில் உள்ள’ வேறு வகை வேலையையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. ‘விச்’ என்று தொடங்கும் அந்த அடைத்தொடர் கடைசிப் பெயருக்கு மட்டுமா, முந்தைய வேலைக்கும் சேர்த்தா?

2003-ல் பார்ன்ஹார்ட் எதிர் தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: கடைசிப் பெயருக்கு மட்டும். தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்காலியா, வெளியூர் போகும் பெற்றோர் வீட்டில் விட்டுச்செல்லும் பிள்ளையை எச்சரிப்பதை உவமையாகக் காட்டினார். விருந்து வைத்தாலோ, வீட்டைச் சேதப்படுத்தும் வேறு எதைச் செய்தாலோ தண்டனை என்கிறார்கள் பெற்றோர். வீட்டுக்குச் சேதம் இல்லை என்பதால் விருந்து வைத்த பிள்ளை தப்பிக்க முடியாது. 2016-ல் லாக்ஹார்ட் வழக்கில், பட்டியலாக வரும் பெயர்களின் முடிவில் நிற்கும் அடை கடைசிப் பெயருக்கா, எல்லாவற்றுக்குமா என்ற கேள்வி வந்தது. அங்கே நீதிபதிகள் ஆறுக்கு இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரே இனத்துப் பெயர்கள் வரிசையாக வந்தால் சாதாரண வாசகர் அந்த அடையை எல்லாவற்றுக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்வார் என்று எலினா கேகன் மாற்றுத் தீர்ப்பில் வாதிட்டார். தேர்ந்த ஆங்கில வாசகர்கள் எட்டுப் பேர் ஒரு தொடர் எதைப் பற்றுகிறது என்பதில் உடன்பட முடியவில்லை.

மீண்டும் குமார்

அந்தப் பையன் இன்று வந்து கேட்டால் தாளை வாங்கி இரண்டு வட்டங்கள் போடுவேன். ஒரு வட்டம் நிறையப் பையன்கள், அவர்களுக்குள் குமார். இன்னொன்றில் குமார் மட்டும். “சீக்கிரம் வருவது யார்? எந்த வட்டத்தைப் பற்றிச் சொல்ல நினைக்கிறாய்?” என்று கேட்பேன். அவன் முதல் வட்டத்தைக் காட்டினால் ‘கம்’. இரண்டாவதைக் காட்டினால், நீ நினைத்ததற்குக் ‘கம்ஸ்’தான் பொருந்தும், ஆனால் தேர்வுத்தாள் எதிர்பார்ப்பது முதல் வட்டத்தை என்று சொல்லிக் காரணத்தையும் விளக்குவேன்.

இப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை விதியை மறந்தாலும் வாக்கியத்தைத் தவறவிடமாட்டான். காற்புள்ளி இடுமுன் எத்தனை பேரைச் சொல்கிறோம் என்று எண்ணுவான். ஆசிரியரின் மகள்கள் எங்கே வசிக்கிறார்கள் என்று தமிழில் எழுதும்போதும் பெயரெச்சத்தைச் சரியான இடத்தில் வைப்பான். “குமார் ஒருத்தன்தானே?” என்று அவன் கேட்டபோதே அந்த எண்ணிக்கையைத் தொடங்கிவிட்டான். நான் செய்திருக்க வேண்டியது, அவனோடு சேர்ந்து எண்ணியிருக்க வேண்டியது மட்டும்தான்.